பழைய காருக்கு அலாரமா, ரிமோட் ஸ்டார்ட்டா? கியர் போட்டு நிறுத்தும் ஊருக்கு ஒரு கணக்கு

தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரோட்டிலிருந்து வீட்டு முற்றத்துக்குப் போக ஏற்றமோ இறக்கமோ இல்லாத வீடு குறைவு. அதனால் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கூடவே கியரையும் போட்டுவிட்டு இறங்குவது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டக் கற்றவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம். நல்ல பழக்கம்தான். பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக் கேபிளை முழுசாக நம்பிவிட முடியாது. ஆனால் ஒன்றாம் கியரில் நிற்கும் வண்டிக்கு ரிமோட்டில் ஸ்டார்ட் கொடுத்தால், கிளட்ச் மிதிபடாததால் செல்ஃப் மோட்டாரின் சுற்று நேரே சக்கரத்துக்குப் போகும். வண்டி துள்ளி நகரும். இன்ஜினும் பிடித்துக்கொண்டால் சுவரோ, வாசலில் நிற்கும் ஆளோ குறுக்கே வரும்வரை போகும்.

பழைய காருக்கு எதைப் பொருத்துவது என்ற கேள்வியில் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. இங்கே பழைய கார் என்பது மாருதி 800, ஜென், ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் போன்றவை: சாவி திருகி ஸ்டார்ட் செய்யும், மேனுவல் கியர் வண்டிகள். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்ற பூட்டு இவற்றில் பெரும்பாலும் கிடையாது.

அக்சசரி கடையில் நான்கு வழிகள் உண்டு. முதலாவது, மின்சாரமே அதிகம் வேண்டாத வழி: கியர் லிவரைப் பூட்டும் கியர் லாக், கூடவே இன்ஜின் ஓடாதபடி தடுக்க ஒளித்துவைக்கும் ஒரு மறைவு சுவிட்ச். இரண்டும் சேர்த்துச் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். இரண்டாவது, நாலு கதவுக்கும் சென்ட்ரல் லாக், ஒரு சாதாரண அலாரம். கூலியோடு 4,000 முதல் 7,000 வரை. மூன்றாவது, அதே அலாரத்தோடு ரிமோட் ஸ்டார்ட் சேர்ந்த பெட்டி, 8,000-க்கு மேல். நான்காவது, சாவியே வேண்டாத பட்டன் ஸ்டார்ட் கிட். விலை மூன்றாவதை ஒட்டியே இருக்கும், சில நேரம் அதைவிடக் குறைவு. விலை கடைக்குக் கடை மாறும். கூலியில் பேரம் பேசுவதைவிடப் பெட்டியில் பேரம் பேசுவது நல்லது. ஏன் என்பது ஒயரிங் பகுதியில் தெரியும்.

மேனுவல் வண்டியில் ரிமோட் ஸ்டார்ட்

"மேனுவலுக்கும் போடலாம் சார்" என்று கடையில் சொல்வது பொய்யில்லை. அதற்கென்று நல்ல பெட்டிகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இறங்கும் முன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால்களை மிதிகளிலிருந்து எடுத்துவிட்டு, ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். இனி சாவியை உருவினாலும் இன்ஜின் ஓடும். இறங்கி, கதவை அடைத்து, லாக் அழுத்தியதும் இன்ஜின் அணையும். கிளட்ச் மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடிய இன்ஜின் நியூட்ரலில்தான் இருந்திருக்க முடியும் என்பது பெட்டியின் கணக்கு. அடுத்த ஸ்டார்ட்டுக்கு அந்த நம்பிக்கையில்தான் அது அனுமதி தருகிறது. நடுவில் ஏதாவது கதவு திறந்தால் அனுமதி ரத்து. இந்த முறை இல்லாத பெட்டியை மேனுவல் வண்டிக்குப் போட வருபவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

முறை சரிதான். ஆனால் மொத்தமும் கதவு சுவிட்சின் தலையில் போய் நிற்கிறது. கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட சின்னக் குமிழ் அது. கதவு அடைந்திருக்கும்போது குமிழ் உள்ளே அமுங்கித் தொடர்பு விட்டிருக்கும். திறந்தால் ஸ்பிரிங் வெளியே தள்ளி, உள்ளே செம்புத் தகடு பட்டு எர்த் (வண்டித் தகட்டின் வழியாக வரும் மைனஸ்) கிடைக்கும்; உள்விளக்கு எரியும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போல கடல்காற்று அடிக்கும் இடத்தில் பத்து வருடம் நின்ற வண்டியில் அந்த ஒற்றை ஸ்குருவைக் கழற்றிப் பாருங்கள். தொப்பி வெடித்திருக்கும், தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், ஸ்குரு பிடித்த துளையைச் சுற்றித் துரு பொருக்கு தட்டியிருக்கும். எர்த்தே அந்த ஸ்குரு வழியாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் பெட்டிக்கு அது "கதவு அடைந்தே இருக்கிறது" என்றுதான் தெரியும். அதாவது இந்த சுவிட்ச் பழுதானால் ஆபத்தான பக்கமாகப் பழுதாகிறது. மறந்துபோன குடையை எடுக்க வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து, இறக்கத்தில் நிற்கிறதே என்று கியரையும் தட்டிவிட்டு இறங்குகிறார் என்று வையுங்கள். பெட்டிக்கு எதுவுமே தெரியாது. மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் வண்டி துள்ளும்.

ஆகவே ரிமோட் ஸ்டார்ட் போட்டே தீருவேன் என்றால் பெட்டி வாங்குவதற்கு முன் கதவு சுவிட்சுகளைப் புதிதாக மாற்றுங்கள். ஸ்குரு பிடிக்கும் இடத்தைத் தகடு தெரியும்வரை சுரண்டி, சுவிட்சின் உடம்பிலிருந்து தனியாக ஓர் எர்த் ஒயரை இழுத்துக் கொடுங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் பின்கதவுகளுக்கு சுவிட்சே இருக்காது. அங்கே துளை போட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மல்டிமீட்டரில் பார்த்தால் கதவு அடைந்திருக்கும்போது 12 வோல்ட், திறந்ததும் பூஜ்யம் காட்ட வேண்டும். நாலு கதவிலும், டிக்கியிலும் தனித்தனியாக. வேலை முடிந்த பிறகு, வண்டியை மேலே சொன்னபடி நிறுத்தி, ஒரு கதவை மட்டும் திறந்து அடைத்து ரிமோட்டில் ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். மறுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு கதவுக்கும். ஏதாவது ஒரு கதவுக்கு மறுக்காமல் ஸ்டார்ட் ஆனால் பணம் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனை முழுவதும் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சமதளத்தில் நடக்கட்டும், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் ஒயரையும் பெட்டியோடு இணைப்பார்கள். அதைப் பெரிய பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். லிவர் ஒரு பல் ஏறினாலே விளக்கு எரியும். கேபிள் இளகிய வண்டியில் பிரேக் பிடித்திருக்கிறதா என்பது அந்த ஒயருக்குத் தெரியாது. நியூட்ரலில் விட்டு நிறுத்தப் போகிற வண்டிக்கு முதலில் கேபிளை இறுக்கி, பின்சக்கரத்து பிரேக் ஷூவைப் பார்த்துவிட வேண்டும். சக்கரத்துக்கு ஒரு கட்டை வைக்கும் பழக்கமும் தப்பில்லை.

இன்ஜின் பிடித்துவிட்டது என்பதைப் பெட்டி எப்படி அறிகிறது என்பதும் முக்கியம். மலிவான பெட்டிகள் செல்ஃபை ஒரு வினாடி போலச் சுற்றி விட்டுவிடும். சில பெட்டிகள் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏறி 13.5 வோல்ட் தாண்டுவதைப் பார்க்கும். பேட்டரி வலுவிழந்த பழைய வண்டியில் இரண்டும் ஏமாற்றும்: ஒன்று பாதியில் விட்டுவிடும், அல்லது பிடித்த இன்ஜினில் செல்ஃப் மறுபடி கடித்துப் பல் அரைக்கும் சத்தம் வரும். இன்ஜினின் சுற்றை எண்ணும் ஒயர் உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் அது காயிலின் மைனஸ் முனை, இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஏதாவது ஒரு இன்ஜெக்டரின் ஒயர், டீசலில் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனை. டீசலாக இருந்தால் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை செல்ஃப் காத்திருக்கும்படி பெட்டியில் மாற்றவும் வேண்டும்; அதை மறந்துவிட்டு "இண்டிகாவுக்கு ரிமோட் ஒத்துவராது" என்று சொல்லிவிடுகிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்தால்தான் காலையில் பிடிக்கும் என்றால் ரிமோட் ஸ்டார்ட்டை மறந்துவிடலாம். ரிமோட்டுக்குக் கை கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்?

குளிர்நாட்டில் ரிமோட் ஸ்டார்ட் இன்ஜினையும் கண்ணாடியையும் சூடாக்க வந்தது. இங்கே அதற்குத் தேவையில்லை. கேட்பவர்கள் ஏசிக்காகத்தான் கேட்கிறார்கள். வெயிலில் அடைத்து நின்ற வண்டிக்குள் 50 டிகிரி தாண்டுவது சாதாரணம். உண்மைதான். ஆனால் நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் சின்ன இன்ஜினின் ஏசி மெதுவாகத்தான் குளிர்விக்கும். கம்ப்ரஸர் சுற்று குறைவு, கண்டென்சருக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான் கதி. நாலு கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டினால் அந்தச் சூட்டுக் காற்று வெளியேறும் வேகம் பத்து நிமிட ஐடிலில் வராது. பெட்ரோல் கணக்கும் உண்டு: ஏசியோடு ஐடிலில் மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 165 மில்லி போல. கார்புரேட்டர் வண்டியில் ஏசிக்காக ஐடில் ஏற்றும் சின்ன வேக்யூம் வால்வு வேலை செய்யாமல் கிடந்தால், கம்ப்ரஸர் கடித்ததும் இன்ஜின் அணையும். பெட்டி மறுபடி ஸ்டார்ட் செய்யும், மறுபடி அணையும்.

இன்னொரு வேடிக்கை: இன்ஜின் ஓடும், ஏசி ஓடாது. பல வண்டிகளில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து இரண்டு ஆன் ஒயர் போகும். ஒன்று இன்ஜினுக்கு, மற்றது புளோயர், ஏசி வகைக்கு. பெட்டியிலிருந்து ஒரு ஆன் ஒயரை மட்டும் இணைத்து வேலையை முடித்தால் இதுதான் நடக்கும். ஏசிக்காகவே போட்ட ரிமோட் ஸ்டார்ட்டில் ஏசி வராத வண்டி!

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 126-படி, பொது இடத்தில் வண்டி நிற்க வேண்டுமானால் லைசன்ஸ் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். ஆக, நாகர்கோவில் வடசேரியிலோ திங்கள்சந்தையிலோ ரோட்டோரம் நிற்கும் வண்டியை ஜவுளிக்கடைக்குள் நின்றுகொண்டு ஸ்டார்ட் செய்வது அந்தப் பிரிவுக்கு எதிரானது. மிச்சம் இருப்பது சொந்த முற்றம். அங்கேயும் கதவடைத்த ஷெட் என்றால் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. ஷெட்டை ஒட்டிய அறை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். சட்டைப் பையில் கிடந்த ரிமோட்டில் பட்டன் அமுங்கியும் இது நடக்கலாம்.

ஆக, மேனுவல் வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஆட்டோமேட்டிக் பழைய வண்டி வைத்திருப்பவர், பார்க் நிலையில் போட்டு, திறந்த முற்றத்தில் நிறுத்துபவர் என்றால் கதை வேறு. அங்கே நல்ல பெட்டியும் நல்ல கையும் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். ஏஎம்டி வண்டிக்கு (மேனுவல் கியரையே மோட்டார் மாற்றிக்கொள்ளும் வகை) பார்க் நிலை கிடையாது என்பதால் அதை ஆட்டோமேட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எந்த வண்டியானாலும், பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட்டைத் தடுக்கும் பானெட் சுவிட்ச் கட்டாயம். பானெட்டுக்குள் மெக்கானிக் கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை ரிமோட்டை அழுத்தக்கூடாதே.

பட்டன் ஸ்டார்ட் கிட்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாவி இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் ஸ்டீயரிங் லாக் குறுக்கே நிற்கும். அதனால் பல இடங்களில் லாக்கின் நாக்கை அறுத்து எறிந்துவிடுவார்கள். கம்பெனி போட்டுத் தந்த ஒரே இரும்புப் பாதுகாப்பு அதோடு போச்சு. லாக்கை அறுக்காமல் பழைய சாவியைத் திருகியே விட்டுவைப்பதும் உண்டு. அது இன்னொரு விதமான அசிங்கம். ரிமோட் பக்கத்தில் இருந்தால் கதவு தானாகத் திறக்கும் வகைகளில் வாசல் அருகே தொங்கும் ரிமோட்டின் அலையை நீட்டித்துத் திருடும் வழியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும்போது இக்னிஷன் மின்சாரமே இந்தப் பெட்டியின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறது. மழைநீர் இறங்கி ரிலே விட்டால் ஓடும் வண்டி அணையும். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் வேக்யூம் உதவியும் கைவிடும். இந்தக் கிட் பழைய வண்டிக்கு வேண்டாம்.

அலாரம்: எதை அறுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது

அலாரத்தில் சைரன் சத்தம் இரண்டாம் பட்சம். அண்டை வீட்டார் மூன்றாவது தடவை எட்டிப் பார்க்க மாட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதுதான் முதல் பட்சம். அதற்கு ஏதாவது ஒரு ஒயரின் நடுவில் ரிலே வைக்க வேண்டும். எந்த ஒயர் என்பதில்தான் வித்தியாசம்.

செல்ஃப் ஒயரில் வைப்பது பாதுகாப்பானது. ரிலே கெட்டாலும் ஓடும் வண்டி அணையாது. குறை என்னவென்றால், மேனுவல் வண்டியை இரண்டு பேர் தள்ளி கிளட்ச் விட்டால் பிடித்துவிடும். இறக்கம் நிறைந்த ஊரில் தள்ளக்கூட வேண்டாம். பெட்ரோல் பம்ப் ஒயரில் வைத்தால் தள்ளினாலும் பலன் இல்லை. குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சில வினாடி ஓடி, முக்கு திரும்புமுன் நின்றுவிடும். ஆனால் அந்த ரிலே களிம்பேறிப் பிடிக்காமல் போனால் நீங்களும் ஆரல்வாய்மொழி கணவாயில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆகவே அலாரத்தின் ரிலே செல்ஃப் ஒயரிலும், மறைவு சுவிட்ச் பம்ப் ஒயரிலும் என்று பிரித்துக்கொள்வது எங்கள் தேர்வு. பம்ப் ஒயரில் ரிலேவே வேண்டாம். 20 ஆம்ப் தாங்கும் நல்ல சுவிட்சை நேராகவே போடலாம். மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டியில் காயிலுக்குப் போகும் பிளஸ்ஸில் வைக்க வேண்டும், டீசலில் பம்பின் ஸ்டாப் சோலினாய்டு ஒயரில். இன்ஜின் கம்ப்யூட்டரின் ஒயர்களையும் ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர்களையும் தொடவே கூடாது.

செல்ஃப் ரிலேவுக்கு ஐந்து பின் உள்ள 30/40 ஆம்ப் ரிலே போதும். கீழே வரும் எண்கள் அதன் பின்களின் பெயர். செல்ஃப் ஒயரை அறுத்து, இக்னிஷன் சுவிட்ச் பக்கத்து முனையை 30-லும் செல்ஃப் பக்கத்து முனையை 87ஏ-விலும் கொடுக்க வேண்டும். 86-க்கு இக்னிஷன் ஆன் ஒயர். 85-க்கு அலாரம் லாக்கில் இருக்கும்போது எர்த் தரும் ஒயர். இப்படிக் கொடுத்தால் யாராவது சாவி திருகும்போது மட்டும்தான் ரிலே இழுக்கும்; சும்மா நிற்கும்போது பேட்டரியைக் குடிக்காது. 86-ஐ நேரடி பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்துவிட்டால் வண்டி லாக்கில் இருக்கும் நேரமெல்லாம் ரிலே இழுத்துக்கொண்டே இருக்கும். 150 மில்லி ஆம்ப் போல. நான்கைந்து நாளில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும், பழி பேட்டரி மேல் விழும்.

ஒயரின் நிறத்தை நம்பி அறுக்காதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ. ஸ்டீயரிங் கவரைக் கழற்றி இக்னிஷன் சுவிட்சின் பின்பக்க சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சாவி இல்லாமலேயே 12 வோல்ட் காட்டுவது பேட்டரி ஒயர். சாவியை ஆன் வைத்தால்தான் காட்டும், செல்ஃப் அடிக்கும்போதும் விடாமல் காட்டும் என்றால் அது இக்னிஷன். ஆனில் காட்டி, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பூஜ்யமாவது அக்சசரி வகை. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் உயிர் வருவது செல்ஃப் ஒயர். ஆன் வகையில் இரண்டு இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிர்வு சென்சாரை டேப் சுற்றித் தொங்க விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது ஒயரோடு ஆடிக்கொண்டிருக்கும். வேண்டியபோது அலறாது, வேண்டாதபோது அலறும். ஸ்டீயரிங் தூணைத் தாங்கும் இரும்பில் ஸ்குரு போட்டு இறுக்க வேண்டும். திருகியை மிகக் குறைவிலிருந்து தொடங்கி, நடுத்தூணை முட்டியால் ஓங்கித் தட்டினால் மட்டும் அலறும் அளவுக்கு ஏற்றுங்கள். தென்னை மட்டை விழுந்தால் அலறட்டும். சித்திரை, வைகாசியில் பேச்சிப்பாறைப் பக்கம் முழங்கும் இடிக்கும், கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் போடும் வெடிக்கும் அலறக்கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையே சுற்றும் காற்று. அங்கே இன்னும் இரண்டு புள்ளி குறைத்துவையுங்கள். ரிமோட் மாறும் குறியீட்டு வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே குறியீட்டை ஒவ்வொரு முறையும் அனுப்பும் மலிவு ரிமோட்டை நகலெடுக்கும் கருவி எளிதாகக் கிடைக்கிறது.

உப்பும் மழையும் எலியும்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, கூடவே கடல்காற்று. ஒயரை முறுக்கி கறுப்பு டேப் சுற்றும் இணைப்பு டேஷ்போர்டு சூட்டில் பசை உருகி ஒரு வருடத்தில் அவிழும். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் அதைவிட மோசம். அது இன்சுலேஷனைக் குத்திய இடத்தில்தான் உப்புக்காற்று நுழைந்து செம்பைப் பொடியாக்கும். ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஒரு இணைப்புக்கு இரண்டு நிமிடம் கூடுதல். மொத்தம் பதினைந்து இருபது இணைப்பு. கூலியில் பேரம் பேச வேண்டாம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அவசரப்படுத்தினால் முதலில் போவது ஸ்லீவ்.

பெட்டியை இடதுகால் பக்க மூலையில் ஒட்டாதீர்கள். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்த வண்டியில் மழைநீர் இறங்கும் வழி அது. மீட்டருக்குப் பின்னால் உயரத்தில் கட்டி, ஒயர்கள் கீழ்நோக்கி ஒரு வளைவு எடுத்துப் பிறகு பெட்டிக்குள் ஏறும்படி விட வேண்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். சைரனின் வாய் கீழே பார்க்கட்டும். எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி, வளைய லக் வைத்து போல்ட்டில் இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் 2.5 சதுர மில்லி. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ். ஃப்யூஸைப் பெட்டிப் பக்கம் வைத்தால், நடுவில் எலி கடித்து ஷார்ட் ஆகும் நீளம் முழுக்கப் பாதுகாப்பு இல்லாமல் கிடக்கும். கதவுக்குப் போகும் ஒயருக்கு ரப்பர் குழாய் போட்டு, கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். சென்ட்ரல் லாக் ஒரு கதவில் மட்டும் வேலை செய்யாவிட்டால் பத்தில் எட்டுத் தடவை ஒயர் கீல் பக்கம்தான் அறுந்திருக்கும். லாக் மோட்டாரில் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து ஒயர், மற்ற மூன்றுக்கும் இரண்டு ஒயர்.

வளைகுடாவில் வேலை செய்பவர்களின் வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பது இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கணக்கு. அலாரம் 20 மில்லி ஆம்ப் குடித்தால் நாளுக்கு ஏறத்தாழ அரை ஆம்ப் மணி. 35 ஆம்ப் மணி பேட்டரி பாதியாக ஐந்து வாரம் ஆகும். ரிமோட் ஸ்டார்ட் பெட்டியும் ஜிபிஎஸ் டிராக்கரும் சேர்ந்து 60 மில்லி ஆம்ப் ஆனால் 12 நாள்தான். மூன்று வருடப் பேட்டரி என்றால் அதுவும் தாங்காது. "வீட்டில் அம்மா தினமும் ரிமோட்டில் பத்து நிமிடம் ஓட விடுவார்" என்பது தீர்வல்ல. இறங்கிப்போன பேட்டரி பத்து நிமிட ஐடிலில் ஏறாது. சூடாகாத இன்ஜினில் ஆயிலில் ஈரம் சேரும், சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நீண்ட நாள் போவதென்றால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கியர் லாக் போட்டு விட்டுப் போவதே மேல். சைரனுக்கு உள் பேட்டரி இருந்தால் முதலில் அதை அதன் குட்டிச் சாவியால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மைனஸைக் கழற்றியதும் தெரு கூடிவிடும்.

சிப் சாவியும் இன்சூரன்ஸும்

சாவியை ஆன் வைத்ததும் மீட்டரில் சாவிப் படம் எரிந்து அணைந்தால் வண்டியில் இம்மொபிலைசர் (சரியான சிப் சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத பூட்டு) இருக்கிறது. சாவித் தலைக்குள் சிப் உண்டு. இப்படிப்பட்ட வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் போட, இரண்டாவது சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைக்கும் வேலையைச் செய்வார்கள். ரிமோட்டில் ஸ்டார்ட் கொடுக்கும்போது மட்டும் அந்தச் சாவியோடு தொடர்பு உண்டாக்கும் பெட்டி நல்லது. சாவியைச் சும்மா, சிப்பைப் படிக்கும் கம்பிச் சுருளின் பக்கத்தில் ஒட்டிவைப்பது கம்பெனிப் பூட்டைத் திறந்து போட்டதற்குச் சமம். எப்படியானாலும், வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "இரண்டு சாவியும் எங்கே?" ஒன்று வண்டியோடு போயிருக்கும். உண்மையில், சிப் உள்ள வண்டிக்கு அலாரம்கூட இரண்டாம் பட்சம். சென்ட்ரல் லாக்கும் கியர் லாக்கும் போதும்.

ஏஆர்ஏஐ (வாகனங்களையும் பாகங்களையும் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்பது வழக்கம். பொருத்தியதற்கு ஆட்டோமொபைல் அசோசியேஷனின் சான்று வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பலர் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுக்கிறார்கள். அதில் தள்ளுபடியும் இல்லை, திருட்டுக்குப் பணமும் இல்லை. அந்த வண்டிக்கு 1,000 ரூபாய் கியர் லாக் தரும் பலனை எந்தப் பெட்டியும் தராது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் வைத்து பேட்டரி மைனஸுக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் கொடுத்து, பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். 50 மில்லி ஆம்புக்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிட வேண்டாம், ஃப்யூஸ் போய்விடும். எந்த ஒயரை எங்கே இணைத்தார்கள், ஃப்யூஸ் எங்கே, அலாரத்தைத் தற்காலிகமாக அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள்; நாலு வருடம் கழித்து வேறொரு எலக்ட்ரீசியன் டேஷ்போர்டைத் திறக்கும்போது அது இல்லாமல் அரைநாள் போகும். மறைவு சுவிட்ச் இருக்கும் இடத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள், போதும்.